வெள்ளியங்கிரி கண்டக்டரின் வலது தோள்

என்ற பேரு வள்ளியாத்தாள். சிங்காநல்லூர்ல இட்லி மாவு அரைச்சு விக்கறவ. எனக்கு வாய் நீளம்னு தெருவுல சொல்லுவாங்க, அது பொய்யில்லை. எங்க ஆத்தா ரெண்டு புள்ளைகளுக்குப் பங்கு வெச்சப்போ நாக்கு முழுசையும் எனக்கே குடுத்துப்போட்டு, எங்கண்ணன் வெள்ளியங்கிரிக்கு மரியாதைய மட்டும் அள்ளிக் குடுத்துட்டா. அந்த மரியாதை அவர என்ன பண்ணுச்சுன்னு சொல்றேன். சொல்றப்போ எனக்குக் கோவம் வரும். நீங்க கொஞ்சம் பொறுத்துக்கோணும்.

அண்ணன் கண்டக்டர். தாராபுரத்துல இருந்து பல்லடம், சூலூர் வழியா சிங்காநல்லூர் வர்ற ஒரு பிரைவேட் பஸ்ஸுல வேலை. அந்த ரூட்டுல போறவங்களுக்கு அவரத் தெரியாம இருக்காது. கால் வெக்க எடமில்லாதப்பவும், "வாங்க வாங்க, உள்ள எடமிருக்குதுங்க, சித்தெ முன்னால போங்க"ம்பாரு. குடிச்சுப்போட்டு ஏறுனவன் வம்புக்கு வந்தாலும், "ஏனுங்க, அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கலாமுங்களா"ன்னு கேட்டுத்தான் எறக்கி விடுவாரு. ஒருக்கா ஒருத்தன் கன்னத்துலயே அறைஞ்சுபோட்டான். இவரு பேசாம டிக்கெட்டக் கிழிச்சு அவன் கையில குடுத்துட்டு அக்கட்டால போயிட்டாராம். டிரைவர் மனோஜ்குமார் இத எங்கிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. எனக்குச் சிரிப்பு வல்ல. என்ற அண்ணன ஒருத்தன் அடிச்சிருக்கறான், இதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்குது?

கண்டக்டர் வேலைன்னா டிக்கெட் குடுக்கறதுன்னுதான் எல்லாரும் நெனைக்கறாங்க. ஓடற பஸ்ஸுல விழாம நிக்கறதுதான் அதுல பாதி வேலை. எங்கண்ணன் வலது கையில மேல் கம்பியப் புடிச்சுக்கிட்டே முன்னுக்கும் பின்னுக்கும் நடப்பாரு. சீட்டுல சாஞ்சு நின்னு சில்லறை குடுக்கறதும் அதே கைதான். எடது கையில காசு குடுத்தா மரியாதை இல்லைன்னு அந்தக் கைக்கு டிக்கெட் மிசினப் புடிக்கற வேலைய மட்டும்தான் விட்டுவெச்சிருந்தாரு. அதனால அவருக்கு வலது தோள்ல வலின்னு வந்தப்போ யாருமே ஆச்சரியப்படல. இத்தன வருசம் கம்பியில தொங்குன தோளு வலிக்காம என்ன பண்ணும்னுதான் நானும் நெனச்சேன்.

அவரு சம்சாரம் முன்னாடியே தவறிப்போச்சு. ஒரே மகன் சபரீஷ், ஓசூர்ல கம்பெனி வேலை. அண்ணன் தாராபுரத்துக்குப் பக்கத்துல சொந்த ஊட்டுல தனியாத்தான் இருந்தாரு. மத்தியானம் பஸ் சிங்காநல்லூர் ஸ்டாண்டுல நிக்கற நேரத்துல எங்கூட்டுக்கு வந்து சோறு உண்டுபோட்டுப் போவாரு. எனக்கும் ஊட்டுக்காரர் இல்லை, புள்ளைக கல்யாணமாகிப் போயிருச்சு. அந்த மத்தியானச் சோறுதான் எங்க ரெண்டு பேருக்கும் இருந்த ஒறவு.

அந்தச் சோத்துலதான் நான் மொதல்ல கண்டுபுடிச்சேன். கை வாய்க்குப் போகல, வாய்தான் குனிஞ்சு கைக்கு வந்துச்சு.

"என்னங்ணா, தோளு தூக்க முடியலீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. கம்பி புடிச்சுப் புடிச்சு இப்படி ஆயிருச்சு. பரவால்ல."

தைலம் தேச்சாரு, உப்பு வறுத்து ஒத்தடம் வெச்சாரு. ஒண்ணும் கேக்கல. நான் வம்பு பண்ணி எலும்பு டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போனேன். அவரு தோளப் படம் எடுத்துப் பாத்துட்டு, எலும்புல ஒண்ணுமில்லை, தசைதான் எறுகியிருக்குது, கொஞ்ச நாளைக்குப் பிசியோதெரபி செய்யுங்கன்னு சொல்லி அனுப்பிப்போட்டாரு. கை மேல போகலைன்னா கண்டக்டர் வேலை இல்லை. அண்ணனுக்கு அந்த வேலைய விட்டா வேற ஒண்ணும் தெரியாது. அதனால போலாம்னு ஒத்துக்கிட்டாரு.

எங்க தெரு முக்குல மருந்துக்கடைக்கு மேல ஒரு புள்ள அப்பத்தான் புதுசா பிசியோ ஆரம்பிச்சிருந்துச்சு. பேரு ஜெனிஷா. மெலிஞ்ச ஒடம்பு, பெரிய கண்ணாடி, ரொம்ப மெதுவாப் பேசும். சுவத்துல ஒரு மாதா படம், பக்கத்துல கையால சுத்தற சக்கரம், மேல கப்பியில கோத்த கயிறு, விரல் வெச்சு ஏறறதுக்குப் படி படியா வெட்டுன ஒரு மரப்பலகை. ரெண்டு கட்டில். அவ்வளவுதான் ஆசுபத்திரி. நாங்க போன அன்னைக்கு எங்களத் தவிர அங்க யாருமில்லை.

அந்தப் புள்ள நல்லாத்தான் பாத்துச்சு. அதையும் சொல்லிப்போடறேன், பின்னால அதத் திட்டப் போறேங்கறதுனால. தோள அமுக்கிப் பாத்துச்சு, கையத் தூக்கச் சொல்லிச்சு, பின்னால கொண்டுபோகச் சொல்லிச்சு. பொறவு ஒவ்வொண்ணாக் கேட்டுச்சு.

"அங்கிள், ராத்திரியில வலிச்சு எந்திரிக்கறீங்களா?"

"இல்லீங்க அம்மணி."

"விரல் மரத்துப் போகுதா? கை ஓரமா கீழ வரைக்கும் இழுக்குதா?"

"அப்படியெல்லாம் இல்லீங்க."

"ஒடம்பு எளைச்சிருக்கறீங்களா?"

"நான் எப்பவுமே இப்படித்தானுங்க."

"வலி பத்துக்கு எவ்வளவு இருக்கும்? பத்துன்னா தாங்கவே முடியாதது."

அண்ணன் அந்தப் புள்ள மொகத்தப் பாத்தாரு. யோசிச்சு, "ஒரு ரெண்டு மூணு இருக்குமுங்க"ன்னாரு. அப்பக் கையத் தூக்கிப் புடிச்சிருந்ததுல அவரு கழுத்து நரம்பு பொடச்சுக்கிட்டு நின்னுச்சு. நான் எதுத்தாப்புல பெஞ்சுல உக்காந்து அதப் பாத்துக்கிட்டிருந்தேன்.

படி எறங்கறப்போ கேட்டேன்: "ஏனுங்ணா, அப்படி என்ன பொய்? ரெண்டு மூணுன்னா அந்தச் சோத்த ஏன் குனிஞ்சு உண்றீங்க?"

"புதுசா ஆரம்பிச்சிருக்குது கண்ணு. மொத மொத வந்தவனே தாங்க முடியலைன்னா அது பயந்துக்காதா? பாவம், எப்படி மெனக்கெடுது பாரு."

அட கெரகமே, வைத்தியத்துக்குப் போனமா, விருந்துக்குப் போனமா? எங்க பக்கம் ஒரு பழக்கம் உண்டு. விருந்துக்குப் போன எடத்துல கொழம்புல உப்பே இல்லைன்னாலும், "நல்லாருக்குதுங்க"ன்னு சொல்லி ரெண்டாவது தடவையும் ஊத்திக்கோணும். எலையில மிச்சம் வெக்கக் கூடாது, மொகஞ் சுளிக்கக் கூடாது. ஆக்கிப் போட்டவங்க மனசு நோகக் கூடாது. எங்கண்ணன் அந்தப் பழக்கத்த அப்படியே மாடிப்படி ஏத்திக் கொண்டுபோய்ட்டாரு. அந்தப் புள்ள கரன்ட் வெச்சா, "நல்லாருக்குதுங்க". சூடு வெச்சா, "எதமா இருக்குதுங்க". கயித்தப் புடிச்சு இழுக்கச் சொன்னா, சொன்னதுக்கு மேல இழுப்பாரு. எப்படியிருக்குதுங்க அங்கிள்னு கேட்டா, "நேத்தைக்கு இன்னைக்கு நல்லாத் தேவலைங்க அம்மணி".

வெறுங்கையோட போறதும் இல்லை. ஊட்டு மரத்து முருங்கைக்காய், எளநி, ஒரு நா பலாப்பழமே தூக்கிட்டு வந்துட்டாரு, அதுவும் நோவு இருக்கற தோள்லயே வெச்சு. ஜெனிஷா சிரிச்சுக்கிட்டே என்னப் பாத்து, "பாருங்க ஆன்ட்டி, அங்கிளுக்குத் தோள் சரியாயிட்டே வருது"ன்னுச்சு. அது சந்தோசத்துல ஒரு சுத்து பெருத்துப்போச்சு. அந்தச் சந்தோசத்தப் பாக்கறதுக்காகவே எங்கண்ணன் அந்தப் பலாப்பழத்தத் தூக்கியிருப்பாரு. 

நான் சும்மா இருக்கல. வாரம் தவறாம அவருகிட்டச் சண்டை போட்டேன். நெசத்தச் சொல்லுங்கண்ணா, இல்லைன்னா வேற டாக்டருகிட்டப் போலாம்னு சொன்னேன். "சொல்லாமக் கொள்ளாம வேற எடத்துக்குப் போனா அந்தப் புள்ள என்ன நெனைக்கும்?" இதுதான் பதில். மேல பேசுனா சோத்துல கைய ஒதறிப்போட்டு எந்திரிச்சுப் போயிருவாரோன்னு எனக்குப் பயம். உண்றதே கொஞ்சமாப் போயிருந்துச்சு. காக்கிப் பேன்ட் இடுப்புல நிக்கல. பெல்ட்டுல ஆணியடிச்சுப் புதுசா ஓட்டை போட்டுக்கிட்டாரு.

அப்பறம் ஒரு ஞாயித்துக்கெழமை சபரீஷ் போன் பண்ணுனான். லீவுல அப்பாவப் பாக்க வந்திருந்தான் போல. "அத்தை, அப்பா கட்டில்ல படுக்கறதே இல்லைங்க. நாற்காலியில உக்காந்துக்கிட்டு கைய ஒரு தலகாணி மேல வெச்சுத்தான் தூங்கறாரு. கேட்டா காத்து வருதுங்கறாரு"ன்னான்.

அடுத்த நா மத்தியானம் நானே ஸ்டாண்டுக்குப் போனேன். அண்ணன் டீக்கடைப் பக்கம் இருந்தாரு. மனோஜ்குமாரத் தனியாக் கூப்புட்டுக் கேட்டேன். அவரு தரையப் பாத்துக்கிட்டுச் சொன்னாரு.

"அண்ணன் கையில சில்லறை நிக்க மாட்டேங்குதுங்க்கா. குடுக்கறப்போ விரலுக்குள்ள இருந்து நழுவி விழுகுது. பேசஞ்சருக சிரிக்கறாங்க. ஸ்டாப்புல வண்டி நின்னதும் குனிஞ்சு பொறுக்கறது நாந்தான்."

"எத்தன நாளா?"

"அது ஆச்சுங்க்கா கொஞ்ச மாசம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அண்ணன் மனசு கஷ்டப்படுமேன்னுங்க்கா."

பாருங்க. இந்த மண்ணுல ஒருத்தர் மனசு ஒருத்தர் நோகாமப் பாத்துக்கறதுலயே எல்லாரும் செத்துத் தொலைவோம்போல இருக்குதுன்னு அவரு மொகத்துக்கு நேராவே சொன்னேன். டீக்கடையில இருந்த அண்ணன் எடது கையப் புடிச்சுத் தரதரன்னு இழுத்துக்கிட்டு நேரா ஜெனிஷாகிட்டப் போனேன். அங்க வேற ரெண்டு பேரு கட்டில்ல படுத்திருந்தாங்க. இருந்தா இருக்கட்டும்னு ஆரம்பிச்சுட்டேன்.

"ஏனம்மணி, நீங்க படிச்சவங்கதானுங்க? இந்த மனுசன் வாயில வர்றத நம்பிக்கிட்டா வைத்தியம் பாக்கறீங்க? இவரு படுத்துத் தூங்கி மாசக்கணக்காச்சு. கையில காசு நிக்க மாட்டேங்குது. ஒடம்பு பாதியாப் போச்சு. உங்க கண்ணுக்கு அது தெரியலீங்களா?"

அவ்வளவு கோவத்துலயும் என்ற வாயில அந்த 'ங்க'ங்கற மரியாதை போகல, அது வேற கெரகம். ஜெனிஷா கையில இருந்த சுடுதண்ணிப் பைய அப்படியே கீழ வெச்சுது. "அங்கிள், ஆன்ட்டி சொல்றது நெசமா?"

"அவ எதையும் பெருசாச் சொல்லுவாளுங்க அம்மணி. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. எனக்கு நல்லாத்தானுங்க இருக்குது."

 அந்தப் புள்ள அவரு வலது கைய எடுத்து விரிச்சுப் பாத்துச்சு. கட்டைவெரலுக்கும் ஆள்காட்டி வெரலுக்கும் நடுவுல இருக்கற சதை வத்திப்போய்க் குழியா இருந்துச்சு. ஒரு காயிதத்த அந்த வெரலுகளுக்கு எடையில குடுத்து, இறுக்கிப் புடிச்சுக்கச் சொல்லி லேசா இழுத்துச்சு. காயிதம் சும்மா வந்துருச்சு. பொறவு அவரு மொகத்துக்குக் கிட்ட வந்து நின்னுச்சு. வெயில்ல நடந்து வந்ததுல அவரு எடது கன்னம் வேர்த்துக் கொட்டுது, வலது கன்னம் காஞ்சு கெடக்குது. வலது கண்ணு பாதி மூடியிருக்குது. அந்தக் கண்ண நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், தூக்கமில்லாததுனாலன்னு நெனச்சேன்.

ஜெனிஷா எங்கிட்ட எதுவும் வெளக்கல. கட்டில்ல இருந்தவங்கள நாளைக்கு வரச் சொல்லிட்டு, கதவப் பூட்டிச் சாவிய மருந்துக்கடையில குடுத்துட்டு, எங்க கூடவே ஆட்டோவுல ஏறிக்கிச்சு. "நெஞ்சப் படம் எடுக்கோணும் ஆன்ட்டி"ன்னு மட்டும் சொல்லிச்சு. தோளுக்கு எதுக்கு நெஞ்சப் படம்னு அண்ணன் கேக்கல. ஆட்டோக்காரரு பாட்ட சத்தமா வெச்சிருந்தாரு, அது தேவலையா இருந்துச்சு.

நுரையீரலோட உச்சி தோளுக்குக் கீழ வரைக்கும் வருமாம். அங்க ஒரு கட்டி. அது பக்கத்துல இருக்கற விலா எலும்பையும் கைக்குப் போற நரம்பையும் புடிச்சு, முதுகெலும்பு வரைக்கும் போயிருக்குதுன்னு பெரிய ஆசுபத்திரி டாக்டர் சொன்னாரு. தோள்ல ஒண்ணுமே இல்லையாம். நோவு இருந்தது வேற எடம், நாங்க கயிறு கட்டி இழுத்தது வேற எடம்.

"பீடி, சிகரெட் உண்டுங்களா?"

"முன்னாடிங்க. விட்டுப்போட்டேனுங்க."

"விரல் மரத்துப்போனது எப்ப இருந்து?"

"இப்பத்தானுங்க, கொஞ்ச நாளா."

"பொய்யுங்க டாக்டர். மாசக்கணக்காச்சு. இவருகிட்டக் கேக்காதீங்க, என்னக் கேளுங்க"ன்னேன்.

டாக்டர் பேனாவக் கீழ வெச்சுட்டுச் சொன்னாரு, விரல் மரத்த அன்னைக்கே வந்திருந்தா மருந்து குடுத்துச் சுருக்கி அறுத்து எடுக்கப் பாத்திருக்கலாம், இப்ப அதுக்கு வழியில்லை, வலியக் கொறைக்கத்தான் பாக்க முடியும்னு. அண்ணன் தலையாட்டுனாரு. பஸ்ஸுல ஒருத்தர் இந்த வண்டி அவிநாசி போகாதான்னு கேட்டுட்டு எறங்கறப்போ தலையாட்டுவாரே, அதே மாதிரி.

வெளிய பெஞ்சுல ஜெனிஷா அழுதுக்கிட்டிருந்துச்சு. "ஒவ்வொரு தடவையும் கேட்டேன் ஆன்ட்டி. ராத்திரி வலிக்குதா, மரத்துப் போகுதான்னு. கை மேல நல்லாப் போச்சு. வலிக்குதான்னா இல்லைன்னாரு. இல்லைன்னா நான் என்ன பண்ணட்டும்?" அதுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனசில்லை. வாயக் கேட்டீங்களே, ஒடம்ப ஒருக்கா நெதானமாப் பாத்திருக்கக் கூடாதுங்களான்னு கேட்டேன்.  அதுக்கு மேல சாக்குச் சொல்லாததுனாலதான் அது மேல இருந்த கோவம் எனக்குக் கொறைஞ்சுச்சு.

எங்கண்ணன் என்ன பண்ணுனாரு தெரியுங்களா? அந்தப் புள்ளைக்குப் பக்கத்துல உக்காந்து, "உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க அம்மணி. உங்ககிட்டக் கரன்ட் வெச்சப்போ எனக்கு நல்லாத்தானுங்க இருந்துச்சு"ன்னு சமாதானம் சொல்லிக்கிட்டிருந்தாரு. சாகப்போறது இவரு, கண்ணத் தொடச்சுக்கறது அது. எனக்குத் தலையச் செவுத்துல முட்டிக்கலாம் போல இருந்துச்சு.

கதிர் சிகிச்சை குடுத்தாங்க. அதையும் அங்க கரன்ட் வெக்கறதுன்னுதான் சொல்றாங்க. ஒடம்பு கருத்துப்போச்சே தவிர வலி கொறையல. வேலை போச்சு. சபரீஷ் லீவு போட்டு வந்தான். அண்ணன எங்கூட்டுலயே முன் ரூம்புல கட்டில் போட்டுப் படுக்க வெச்சோம். வாரத்துக்கு ஒருக்கா ஆசுபத்திரியில இருந்து ஃபர்சானான்னு ஒரு நர்ஸ் புள்ள ஊட்டுக்கே வரும். கடுமையான வலிக்குன்னு ஒரு மாத்திரை குடுத்துச்சு, மார்ஃபின்னு பேரு. அத வலிக்குத் தக்கன கூட்டிக் கொறைச்சுக் குடுப்பாங்களாம். வலி எவ்வளவுன்னு படுத்திருக்கறவர்தான் சொல்லோணுமாம்.

அடுத்த தடவை வந்தப்போ ஃபர்சானா இவரத்தான் கேட்டுச்சு.

"ஐயா, இந்த மாத்திரைக்கு எப்படியிருக்குது?"

"நல்லாக் கேக்குதுங்க. நீங்க இந்த வெயில்ல வாரீங்க, சித்தெ மோர் குடிங்க."

ஃபர்சானா அதே அளவ எழுதிட்டுப் போயிரும். அது அந்தப் பக்கம் வண்டியக் கெளப்பறதுக்குள்ள இவரு துண்டச் சுருட்டி வாயில வெச்சுக் கடிச்சுக்குவாரு. கட்டில் கம்பிய எடது கையில புடிச்சுக்குவாரு. சத்தம் வராது. காலு விரலு மட்டும் மடங்கி மடங்கி விரியும். நான் ஃபர்சானாகிட்டப் போன்ல சொன்னேன். அது மறுபடி வந்து கேட்டா மறுபடி அதே மோரு. ஊட்டுக்காரங்க சொல்றத வெச்சு மருந்தக் கூட்ட முடியாது, நோயாளி நெனவா இருக்கறப்போ அவரு சொல்றதத்தான் கேக்கோணும்னு அந்தப் புள்ள சங்கடப்பட்டுச்சு. அது சொன்னதும் நாயந்தான்.

"ஏனுங்ணா, வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறைஞ்சு போயிரும்?"ன்னு கேட்டேன்.

துண்ட எடுத்துட்டுச் சொன்னாரு: "எத்தன பேருக்குத்தான் நம்மனால தொந்தரவு கண்ணு."

எனக்கு அழுகை வந்துருச்சு. எங்க ஆத்தா செத்தப்பக்கூட நான் அப்படி அழுகல. சாவு வரப்போகுதுன்னு தெரியும், அத நான் தடுக்க முடியாது. ஆனா அதுவரைக்கும் இந்த மனுசன் துண்டக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கோணுமா? அது மட்டும் நடக்கக் கூடாதுன்னு அன்னைக்கு முடிவு பண்ணுனேன்.

அடுத்த வாரம் ஃபர்சானா கூட ஆசுபத்திரி டாக்டரும் வந்தாரு. அன்னைக்குன்னு பாத்து ஒறம்பரைக வந்திருந்தாங்க. தாராபுரத்துல இருந்து பங்காளிக, அவரு சம்சாரத்தோட அண்ணன், எல்லாரும் ரூம்பு நெறைய நின்னுக்கிட்டிருந்தாங்க. அண்ணன் சட்டையெல்லாம் போட்டுத் தலை சீவிச் சாஞ்சு உக்காந்து, ஒவ்வொருத்தரையும் வந்தீங்களா, சாப்புட்டீங்களான்னு கேட்டுக்கிட்டிருந்தாரு. டாக்டர் வந்து கேட்டாரு. இவரு சிரிச்சுக்கிட்டே, "ஒண்ணும் கொறையில்லீங்க"ன்னாரு.

நான் பேச ஆரம்பிச்சேன். எல்லாத்தையும் சொன்னேன். துண்டு கடிக்கறதச் சொன்னேன், கடிச்சுக் கிழிஞ்ச துண்டக் கொண்டாந்து டாக்டர் கையில குடுத்தேன். வலி தாங்க முடியாம இவரு படுக்கையிலயே ஒண்ணுக்குப் போயிட்டதச் சொன்னேன், அத நாந்தான் மாத்துனேன்னும் சொன்னேன். காலையில கொழந்தையாட்டம் ஆத்தா ஆத்தான்னு தேம்பறதச் சொன்னேன்.  அவரு மச்சினன் தலையக் குனிஞ்சுக்கிட்டு வெளிய போயிட்டாரு. சபரீஷ், "போதுங்க அத்தை"ன்னான். நான் நிறுத்தல.

டாக்டர் அண்ணன் பக்கத்துல உக்காந்து, "நெசமாங்கய்யா?"ன்னு கேட்டாரு.  அண்ணன் என்னப் பாத்தாரு. அறுவது வயசு நெருங்குன அந்த மனுசன் கண்ணுல நான் மொத மொதலாக் கோவத்தப் பாத்தேன். பொறவு செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. டாக்டர் அவரு காலப் போத்தியிருந்த போர்வைய வெலக்கி அந்த விரலுகளப் பாத்தாரு. மருந்த அங்கயே கூட்டி எழுதுனாரு. இனிமே அவரு சொல்றத மட்டும் கேக்க வேண்டாம், அந்தம்மா சொல்றதையும் சேத்து எழுதுங்கன்னு ஃபர்சானாகிட்டச் சொல்லிட்டுப் போனாரு.

மருந்து கேட்டுச்சு. ரெண்டு நாள்ல துண்டு தேவைப்படல. கஞ்சி குடிச்சாரு. சபரீஷுகிட்ட வேலையப் பத்திப் பேசுனாரு. ஜெனிஷா சாயங்காலம் பொழுதோட வந்து, வீங்குன கையத் தலகாணி மேல ஒசத்தி வெச்சு விரல மெதுவா நீவி விடும். அதுகிட்ட அவங்க ஊட்டுல போன கிறிஸ்மஸுக்குச் சுட்ட பலகாரம் வரைக்கும் விசாரிச்சாரு. எங்கூட மட்டும் பேசல. நான் தண்ணி கொண்டுபோனா கையில வாங்க மாட்டாரு, பக்கத்துல வெச்சுட்டுப் போகோணும். நான் உள்ள போனா கண்ண மூடிக்குவாரு. ஒறம்பரைக முன்னால அவரோட மானத்த நான் அவுத்துப் போட்டுட்டேன். வாழ்நாள் பூரா அவரு சேத்து வெச்சிருந்தது அது ஒண்ணுதான்னு எனக்கும் தெரியும்.

"ஆன்ட்டி, அங்கிளுகிட்ட நான் சொல்லிப் பாக்கறேன்"ன்னு ஜெனிஷா ஒரு நா சமையக்கட்டுக்கு வந்து சொல்லிச்சு.

"ஒண்ணும் சொல்லாதீங்க அம்மணி. மன்னிக்கச் சொன்னா மரியாதைக்கு மன்னிச்சுப்போடுவாரு. எனக்கு அது வேண்டாம்"ன்னேன்.

மாசிக் கடைசியில, ஒரு மத்தியானம், நான் மாவு அரைச்சுக்கிட்டிருந்தப்போ போயிட்டாரு. கிரைண்டர நிறுத்திட்டு ஓடிப் போய்ப் பாத்தேன். தூங்கறாப்புல இருந்துச்சு மொகம். பல்லக் கடிக்கல, விரல் மடங்கல. வந்தவங்க எல்லாரும் எவ்வளவு தங்கமான மனுசன், ஒரு நாளும் ஒருத்தரையும் நோகடிச்சதில்லைன்னு சொல்லிச் சொல்லி அழுதாங்க.  என்ன மட்டும் நோகடிச்சுட்டுத்தான் போனாரு. கடைசி மூணு வாரம் எங்கண்ணன் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. அந்த மூணு வாரமும் அவரு கட்டில்ல காலு நீட்டிப் படுத்து நல்லாத் தூங்குனாரு.